அண்ணனின் கம்ப்யூட்டரை நான் அணைத்த நாள்

2006-ஆம் வருஷம், ஆனி மாசக் கடைசி. திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே என் அண்ணன்தான். அவன் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். மாசி மாசம் சிவகாசி ரோட்டில் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துபோனான்.

பாதி வரைந்த முருகர் படம் அவன் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்கு முன்னால் பதினாறு நாள் விளக்கு அணையாது. அந்த விளக்கைக் குளிர வைத்த பிறகும், கம்ப்யூட்டரை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. முதலாளியிடம் அழுதேன். "இருந்துட்டுப் போகட்டும் தாயி" என்றார். நாலு மாசத்துக்கு மேல் ராப்பகலாக ஓடியது. "ஏ புள்ள, இன்னைக்குச் சூடம் காட்டலையா?" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஆடிப்பெருக்கு அன்றுதான் புது வருஷ காலண்டர் ஆல்பத்தை வெளியே காட்டுவார்கள். அதுவரை டிசைன் ரகசியம். அந்த வருஷம் எங்கள் டிசைன் நாலு, முன்கூட்டியே வேறொரு பிரஸ்ஸில் அச்சாகிக்கொண்டிருந்தன. "செத்தவன்தான் சாகுறதுக்கு முந்தி வித்திருப்பான்" என்று பேசினார்கள். முதலாளி என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் மதுரையிலிருந்து ஒரு அக்கா வந்தார். சிநேகிதர்களோடு சேர்ந்து, டவுன் கம்பெனிகளில் கரண்ட் எங்கே வீணாகிறது, கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர். பெரிய கம்பெனிகளில் கூலி வாங்குவார்கள், சின்ன பிரஸ்ஸுக்கு இலவசம்.

அண்ணன் மேஜைக்கு வந்ததும், "ஆளே இல்லாம இது ஏங்க ஓடுது?" என்றார். ஓடிப்போய் மறித்தேன்.

"அதத் தொடாதீக! எங்க அண்ணனுது."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவிட்சுப் பக்கம் போகவே இல்லை. உள்ளே மட்டும் பார்க்கட்டுமா என்று கேட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது.

"அண்ணன் எப்பம்மா இறந்தாரு?"

"மாசியில."

"அவரு பேர்ல முந்தாநாள் மெயில் போயிருக்கே!"

சொன்னால் சிரிப்பீர்கள், அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

பாஸ்வேர்டு என்கிற பூட்டில்லாமல் ஓடிய அந்த கம்ப்யூட்டருக்குள் இன்டர்நெட் வழியாக யாரோ புகுந்து, வைகாசியிலிருந்து அண்ணன் பெயரிலேயே டிசைன்களை அனுப்பியிருக்கிறார்கள். அக்கா தேதிகளைக் காட்டியதும் முதலாளி பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பீரோவுக்கு மூணு பூட்டு போட்டேன். இம்புட்டுக்காணு ஒயர்ல வந்திருக்கானே! செத்த புள்ள மேல பழியப் போட்டுட்டோமே தாயி."

அண்ணன் பெயர் தப்பித்துவிட்டது. ஆனால் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது நான்.

அக்கா இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். முருகர் படத்தை ஒரு சிடியில் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீயே அணைம்மா" என்றார். அணைத்தேன். உள்ளே சுற்றிய ஃபேன் சத்தம் மெதுவாக நின்றது. அப்போதுதான் அண்ணன் செத்துப்போனதே எனக்கு உறைத்தது.

அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதாக நினைத்து, அவன் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி போட்டு வைத்திருந்தேனே என்று, வேலை முடிந்து சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் கை ஒரு நிமிஷம் நிற்கிறது.