ஹால் சுவரில் என் சகலை

என் சகலை மோகனசுந்தரத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தைக்கே நான் திண்டாடிப்போவேன். முதலமடையில் அவருக்கு அப்பன் விட்டுப்போன மாந்தோப்பு இருக்கிறது. பூவெடுக்கும்போதே தோப்பை வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார். மருந்தடிக்க ஒருவன், காய் பறிக்க ஒருவன், லாரியில் ஏற்ற ஒருவன். இவருடைய வேலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவது. போன இடத்தில் பந்திக்கு முந்துகிறாரோ இல்லையோ, போட்டோவுக்கு முந்துவார். என் மகள் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைத்தான் தேட வேண்டும். இவரைத் தேட வேண்டியதே இல்லை.

போன வருடம் மா விவசாயிகள் சங்கம் ஒன்றில் இவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இவர் நடையே மாறிவிட்டது. அன்றைக்குப் போர்த்திய பொன்னாடையோடு எடுத்த படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஹாலில் மாட்டிக்கொண்டார். கேட்டில் நுழையும்போதே ஆள் தெரிய வேண்டுமாம். வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டால், இருமிக் காட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் கிரைண்டர் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. அடி வாங்கியது அவர் மனைவி பெரியம்மாள். என் மனைவிக்கு அக்கா. வாயில்லாத பிறவி. அதையே அவர் வசதியாக எடுத்துக்கொண்டார். ஷாக் அடிக்குதுங்க என்று சொன்னவளுக்கு, "ஈரக் கையோட தொட்டா அடிக்காம கொஞ்சுமா?" என்று பதில் வந்தது.

ஒவ்வொரு தடவை அவளுக்கு அடிக்கும்போதும் வீட்டில் மொத்தக் கரண்டும் போய்விடும். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டிவிடுகிற சுவிட்சு அது. ஆள் சாகக்கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். நம் ஆளுக்கு அதெல்லாம் எதற்கு? நடுவில் டிவி நின்றுபோகிறதே! வயர்மேன் லோகேஷைக் கூப்பிட்டு, அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு நேராக லைன் கொடுக்கச் சொன்னார். லோகேஷும் கொடுத்தான். அவனுக்குத் தொழில் நன்றாகத் தெரியும், முதுகெலும்புதான் இல்லை. 'சரிங்க' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவன்.

பெரியம்மாள் ரப்பர் செருப்புப் போட்டு, பலகை மேல் நின்று மாவாட்டப் பழகினாள். ஒருநாள் செருப்பு நழுவி, வெறுங்கால் ஈரத் தரையில் பட்டுவிட்டது. கிரைண்டர் அவளைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தது. முழங்கையெல்லாம் தோல் உரிந்துபோனது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த புருஷன் கேட்ட கேள்வி, "மாவு கொட்டிப்போச்சா?"

இதை அவள் போனில் சொல்ல, என் மனைவி அழ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக லோகேஷின் கடைக்குப் போனேன்.

"ஏன்டா, அந்தப் பொம்பளை உசுரு போனா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"அண்ணந்தானுங்க நேராக் குடுக்கச் சொன்னாரு..."

"அவரு கெணத்துல குதிக்கச் சொன்னா குதிச்சுருவியா? கெளம்புடா!"

சுவருக்குள் போகும் ஒயரைக் கண்டுபிடிக்கிற டிரேசர் ஒன்று அவனிடம் இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன்.

முதலில் கிரைண்டர் மாட்டும் பிளக்கின் மேல் ஓட்டையில் டெஸ்டரை வைத்தான். அது எர்த் ஒயர், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோய் விட வேண்டிய பச்சை ஒயர். அதில் டெஸ்டர் எரிந்தது. அங்கே எரியவே கூடாது என்றான் லோகேஷ். ஓடிப்போய் மெயினை அணைத்தான். பிறகு டிரேசரின் பெட்டியை அந்தப் பச்சை ஒயரில் மாட்டி, டார்ச் மாதிரி இருந்த இன்னொரு பாகத்தைக் கையில் எடுத்துச் சுவரில் வைத்தான். ஒயர் போகும் தடத்தில் வைத்தால் அது பீப் பீப் என்று கத்தும். தடம் விட்டால் சத்தம் குறையும். ஒயர் அறுந்த இடத்தில் சத்தமே நின்றுபோகும்.

சமையலறைச் சுவரில் ஏறி, கதவு நிலைக்கு மேலே போய், ஹாலுக்குள் வந்தது சத்தம். மோகனசுந்தரம் தோளில் துண்டோடு பின்னாலேயே வந்தார். சத்தம் அவர் படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய், சட்டத்துக்கு நடுவில் நின்றது. அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தால் ஒரு முனகல்கூட இல்லை.

"இதுக்குப் பின்னாடிதானுங்க அறுந்திருக்குது. படத்தை எறக்கோணுங்க."

"அதெல்லாம் எறக்க வேண்டாம். உன்ற மிசினுதான் கோளாறு. அக்கட்டால பாரு."

அக்கட்டால பார்த்தானே அந்தப் புண்ணியவான்! சுத்தியலும் உளியும் எடுத்து, படத்துக்கு இடது பக்கம் கொத்தினான். ஒயர் நன்றாக இருந்தது. கீழே கொத்தினான். செங்கல் வந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்க கொத்து, இங்க கொத்து" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் படத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கருமம், நானும்தான் நின்றேன்.

பெரியம்மாள் சமையலறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஏறி நின்று சட்டத்தின் அடியைப் பிடித்தாள். கட்டுப்போட்ட கையோடேயே அதைத் தூக்கினாள். நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன்.

"ஏ புள்ள, பொறுமை, பொறுமை! கண்ணாடி ஒடஞ்சிரப் போகுது!" என்று பதறினார். அவர் பதறி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் இறங்கியதும் நாலு அங்குல ஆணி ஒன்று தெரிந்தது. லோகேஷ் அதைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் கொத்திக் காட்டினான். ஆணி பச்சை ஒயரை அறுத்துக்கொண்டு போய், பக்கத்துச் சிவப்பு ஒயரின் தோலையும் உரித்திருந்தது. சிவப்பில் வந்த கரண்ட், ஆணி வழியாகப் பச்சையில் ஏறி, கிரைண்டரில் போய்க் காத்திருந்திருக்கிறது.

"யாருங்க இந்த ஆணிய அடிச்சது?" என்று லோகேஷ் கேட்டான்.

"தச்சன் தாழ்வா வெச்சுட்டான். அதனால நானே ஏறி அடிச்சேன்," என்றார், விருது வாங்கியவர் மாதிரி. பிறகு குரல் ஏறியது. "நல்ல எடம்னு தெரியுமில்ல? போட்டோ மாட்டுற எடத்துல எவன்டா ஒயர இழுக்கச் சொன்னான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படத்தை அவர் தலையிலேயே மாட்டியிருப்பேன். "அந்தச் சுவிட்ச மொதல்ல திரும்பப் போடுறா," என்று லோகேஷிடம் கத்தினேன். அவன் "சரிங்க" என்றான். மோகனசுந்தரம் அவனுக்கு வேறு உத்தரவு கொடுத்தார். "ஒயர ஒட்டுப்போட்டு மூடிப்போட்டு, ஒரு சாண் தள்ளி ஆணி அடிச்சுக் குடு. சாயங்காலம் சங்கத்து ஆளுக வர்றாங்க."

பெரியம்மாள் இன்னும் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அந்த உயரத்தில் நின்று அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அன்னிக்கு நான் செத்துப்போயிருந்தா, என்ற போட்டோவையும் இந்தச் செவுத்துலதானுங்க மாட்டியிருப்பீங்க?"

லோகேஷ் உளியைக் கீழே வைத்தான். இப்போதாவது இந்த மனுஷனுக்கு உறைக்கும் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், கீழே சாய்த்து வைத்திருந்த தன் படத்தைப் பார்த்தார், நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார்.

"உன்றது நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்லியே, புள்ள," என்றார்.