அத்தையின் முதுகு

சளி பிடித்தால் எனக்கு மாத்திரை ஒத்துவராது, தைலம்தான். போன வாரம் மருந்துக்கடையில் வாங்கிய யூக்கலிப்டஸ் தைலத்தின் மூடியைத் திறந்தேன். தும்மலோடு செண்பகனூரும் வந்துவிட்டது. இந்த வயதில் மற்றதெல்லாம் மறந்து போகிறது, மூக்கு மட்டும் எதையும் மறப்பதில்லை.

பெரிய தலைவருக்குத் தண்ணீர் கொடுத்த தாத்தா, நடிகரின் கார் தன்மேல் சேறடித்ததைக் கல்யாண வீடுதோறும் சொல்லும் சித்தப்பா, இப்படி உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை. ஆனால் அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது, இனிக் கோபிக்க மாட்டார்.

ஐம்பதுகளின் கடைசி. பழனிக்கு மேலே மலையில், செண்பகனூர் சாலையோரம் அப்பாவுக்கு ஒரு டீக்கடை. அவருடைய தங்கை செல்லம்மா அத்தை, கடைக்குக் கீழே சரிவில் மாட்டுக்குப் புல் அறுப்பாள். பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டில் அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது.

அந்தச் சரிவுக்கு ஒருநாள் சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. மலைக்காரப் பெண்ணாக வரும் கதாநாயகி, தலையில் புல்லுக்கட்டோடு மூடுபனிக்குள் நடந்து மறைய வேண்டுமாம். நடிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் நாலடி வைத்தார், வழுக்கி விழுந்தார். கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. எங்கள் கடை பெஞ்சில் உட்காரவைத்து அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். அவ்வளவு பெரிய நடிகைக்கும் அழுதால் மூக்கு ஒழுகும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கம்பெனி மேனேஜர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்பக்கம் மட்டும் போதுங்க. உங்க தங்கச்சி ஒரு தடவை நடந்தாப் போதும். பனி கலைஞ்சிரும்."

"நிச்சயம் பண்ணின பொண்ணுய்யா. சினிமாவுல ஆடுச்சுன்னு ஒரு சொல்லு கீழ எறங்குச்சுன்னா கல்யாணம் நின்னு போகும்" என்றார் அப்பா. கீழே என்றால் எங்களுக்குப் பழனி.

அத்தை நடிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூஞ்சி தெரியாதுல்லண்ணே?" என்றாள்.

"முதுகு தெரியும்ல?"

"என் முதுகு யாருக்குத் தெரியும்?"

அப்பா டீ ஆற்றத் திரும்பிக்கொண்டார். அந்த இடைவெளியில் அத்தை நடிகையின் பூப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒய்யாரமாக நடக்கச் சொன்னார்கள். அவளுக்கு எங்கே அதெல்லாம் வரும்? சரிவில் நடந்து பழகியவள், இடது பாதத்தைச் சாய்த்து ஊன்றி எப்போதும்போலத்தான் நடந்தாள். பனி முதலில் அவள் பாதத்தை மறைத்தது, பிறகு இடுப்பை. கடைசியில் புல்லுக்கட்டு மட்டும் தனியாக மிதந்து போயிற்று. நான் கனவில்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். இப்போதும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. படம் அதற்குப் பிறகுதான் பழனிக்கு வந்தது. பள்ளி லீவுக்கு நான் அங்கே போயிருந்த சமயம் பார்த்து, மருமகளையும் என்னையும் அத்தையின் மாமியாரே மேட்னி ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கொட்டகையில் பெண்கள் ஒரு பக்கம், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள், அவர்களோடு மாமா.

பாட்டு வந்தது, பனி வந்தது, அத்தையின் முதுகும் வந்தது. என் கையை அவள் நெரித்த நெரிப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாமியார் வாயைப் பிளந்தார். "என்னா நடை பாத்தியா! பட்டணத்துக்காரின்னா சும்மாவா!"

அத்தை திரையைப் பார்க்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது எழுந்திருக்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் விட்டு வெளியே வந்தோம். அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். கொஞ்ச தூரம் போன மாமா நின்றார்.

"ஏ புள்ள, நீ முன்னால நட."

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னடா புதுப் பழக்கம்?" என்றார் மாமியார். "பின்னால வண்டி வருதுத்தா" என்றார் மாமா. எந்த வண்டியும் வரவில்லை. அடிவாரம் வரைக்கும் அத்தை என் கையைப் பிடித்தபடி கால் பின்ன நடந்தாள். சமதரையிலும் அந்த இடது பாதம் சாய்ந்துதான் விழுந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் மாமியார் உள்ளே போனதும், மாமா கிட்டே வந்து மெல்லச் சொன்னார்.

"புல்லுக்கட்டு ஒண்ணுதான் கொறச்சல்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை அழுதுவிட்டாள். அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே போனாலும் அத்தை முன்னால், மாமா பின்னால். ஊர் கேலி பேசியது, மாமா கண்டுகொள்ளவில்லை.

அந்தப் படத்தின் பிரதி இப்போது எங்கேயும் இல்லையாம். கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. செண்பகனூரில் கடையும் இல்லை, கடை இருந்த வளைவும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மாமா போன பிறகு ஒருமுறை அத்தையோடு பழனி மலையைச் சுற்றும் கிரிவீதியில் நடந்தேன். பேச்சுத் துணையாகப் பக்கத்திலேயே வந்தேன். கொஞ்ச தூரத்தில் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள், மறுபடி நின்றாள்.

"என்னத்தை, கால் வலிக்குதா?"

"இல்ல. நீ கொஞ்சம் பின்னால வா புள்ள. பின்னால ஆளு இல்லாம எனக்கு நடக்க வரல."

நான் பத்தடி பின்தங்கினேன். அவள் நடந்தாள்.