ரூமானா வாசிக்காத பக்கம்

தெற்காசியாவின் சிறந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் கோட்டைப்பட்டினத்து ரூமானாவை நடுவராகக் கூப்பிட்டார்கள் என்றபோது அவள் மாமியார் ஹவ்வா உம்மாள் நம்பவே இல்லை. “ஒன்னையா? பொஸ்தகமும் கையுமா நின்னு சோத்தை அடிப்புடிக்க விடுறவதான நீ!” என்று சிரித்தாள். புதுக்கோட்டை வாசகர் வட்டத்துக்காரர்கள் அப்படித்தான். பெரிய படிப்புப் படித்தவர்களை விட்டுவிட்டு, படித்துக் கிறங்குகிற ஆட்களாகப் பார்த்து ஐந்து பேரைப் பிடிப்பார்கள். அந்தந்த நாட்டிலிருந்து தமிழில் மொழிபெயர்ந்து வந்த புத்தகங்களை அனுப்பிவைப்பார்கள். கூட்டத்தன்று ஒவ்வொருவரும் எழுந்து, தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அதுதான் ஓட்டு.

ரூமானாவைப் புரட்டிப்போட்டது கராச்சிக்காரர் ஒருவர் எழுதிய நாவல். மீன் பிடிக்கப் போனவன் எல்லை தாண்டி இந்தியச் சிறையில் கிடக்கிறான். பெண்டாட்டி கரையில் கிடந்து தவிக்கிறாள். ரூமானாவின் கணவன் பாசித்தும் அப்படி மீன் பிடிக்கப் போய், இலங்கைச் சிறையிலிருந்து மீண்டு வந்தவன்தான். அவள் வாசிக்க வாசிக்க, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். “நம்ம கதைய இந்த மனுசன் எப்புடி புள்ள எழுதுனாரு?” என்றான்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவன் அவள் அண்ணன் ஷேக் பரீது.

“கிறுக்கியா நீ? நம்ம வீட்டுப் பொம்பள எந்திரிச்சு, பாகிஸ்தான் பொஸ்தகந்தான் ஒசத்தின்னு சொல்றத ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டான்னு வையி, தொலைஞ்சோம். அப்பறம் ஒன் புருசன் படகு எடுத்துக் கடலுக்குப் போன மாதிரிதான்!”

அன்றைக்கே ரூமானாவைப் பயம் பிடித்துக்கொண்டது. போன் மணி அடித்தால் திடுக்கிட்டாள். சோறு இறங்கவில்லை. ஒரு புத்தகம் பிடித்திருக்கிறது என்று சொல்ல இவ்வளவு நடுங்க வேண்டுமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்து என்ன, நடுக்கம் போகவில்லை. பாசித்திடம் இதைப் பற்றி மூச்சு விடாமல் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

கூட்டத்தில் ஆவூர் சந்தனராஜ் வாத்தியார் முதலில் எழுந்து அந்தக் கராச்சி நாவலையே வாசித்தார். ஒரு பயல் முணுமுணுக்கவில்லை, கைதான் தட்டினார்கள். அவருக்கென்ன, அவரை யார் கேட்கப்போகிறார்கள்! கீரனூர் வைஷ்ணவி நேபாளத்து நாவல் ஒன்றை வாசித்தாள். அடுத்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாய, இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. பாக்கி ரூமானாதான்.

அவள் எழுந்தாள். முன்வரிசையில் ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்தான். யா அல்லா! மனப்பாடமாயிருந்த பக்கம் தொண்டை வரைக்கும் வந்தது. கை மட்டும் நேபாள நாவலை எடுத்துவிட்டது. எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை, திறந்த இடத்தில் வாசித்தாள். குரல் தடுமாறவே இல்லை. “எம்புட்டுத் தெளிவா வாசிச்சீங்க!” என்று வைஷ்ணவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பரிசு நேபாளத்துக்குப் போனது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பாசித் கூப்பிட்டான்.

“நம்ம கதை செயிச்சிருச்சா புள்ள?”

“இல்ல மச்சான். ஒரு ஓட்டுல போச்சு.”

“அடப்பாவி! எவன் போட்ட ஓட்டு அது?”



“நாந்தான் மச்சான்.”

பாசித், “இருட்டுறதுக்குள்ள வந்து சேரு” என்று போனை வைத்துவிட்டான்.