கேமராவைப் பார்த்துப் பேசியவர்

சாத்தூர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம்: பட்டாசு மருந்து கலக்கும் பேச்சியம்மாள், திரி வைக்கும் நான், பெட்டி ஒட்டும் செல்வி, இன்னும் ஏழெட்டுப் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். லேப்டாப்புக்குள் வெம்பக்கோட்டை ஆட்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்தவர் கசங்காத சட்டை போட்டிருந்தார். அடிக்கடி கைக்குட்டையால் கேமராவைத் துடைத்து, "தெரியுறேனா?" என்று அதனிடமே கேட்பார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பேச்சியம்மாள் எழுந்தாள். "சார், கலந்த மருந்து மிஞ்சுனா மறுநாளைக்கு வைக்கலாமா? போர்மேன் வைக்கச் சொல்றாக. காலையில நான்தான் அந்த மருந்து ரூமைத் திறக்கணும்."

"ஆன்லைன்ல இருக்கவங்க முதல்லம்மா," என்றார், கேமராவைப் பார்த்தே. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில்.

"பொட்டிக்குள்ள போனாத்தான் இவருக்குக் கண்ணு தெரியும் போல," என்றபடி வெளியே போனவள், வெம்பக்கோட்டையில் வகுப்புக்கு உட்கார்ந்திருந்த தன் மதினிக்குப் போன் போட்டாள்.

சற்று நேரத்தில் அதே கேள்வி லேப்டாப்பிலிருந்து வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அருமையான கேள்வி. வைக்கவே கூடாது. அன்னைக்கே அழிச்சிடணும்."

படித்த மனிதர். கேள்வி வெம்பக்கோட்டை வரை போய்த் திரும்பிய பிறகுதான் அவர் காதில் ஏறியது. அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் நடுவே இருந்தது இரண்டு பெஞ்சு.