வேரும் மண்ணுமாக

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். தலை நரைத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்கு வந்தவள் அவள். ஒருநாள் அறிவிப்பு சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, "ஒரு மணி நேரம் நீ உக்காரும்மா" என்று மேலாளர் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் பதினேழு வருஷமாக நீண்டுவிட்டது. எந்த வண்டி எந்த நடைமேடை, எத்தனை மணிக்குக் கிளம்பும், எது தாமதம் என்று நாள் முழுக்கப் பேசுவாள். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். "அவ பேச்சைக் கேக்கணும்னா நான் டிக்கெட் எடுத்துட்டு அங்கதான் போகணும்" என்பார் அவள் புருஷன். பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில்.

அறிவிப்பு அறையில் மேஜை, மைக், ஒரு மின்விசிறி. சுவரோரம் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களுக்காக ஓர் இரும்பு அலமாரி. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு எல்லாம் அதில் வரும். ஒருமுறை பல்செட்கூட வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்டக்டர் ரோஜாக்கன்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுண்டுவிரல் கனத்தில் குச்சி, அதில் நாலைந்து இலை. மூன்று நாள் மைக்கில் சொல்லிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் இலைகள் தொங்கிவிட்டன. உயிருள்ள ஒன்றை அலமாரியில் வைத்துச் சாகவிட அவளுக்கு மனசு வரவில்லை. அறைக்குப் பின்னால், கை கழுவும் தண்ணீர் வந்து விழும் இடத்தில் குழி பறித்து நட்டுவிட்டாள்.

பஸ் புகையும் தூசியும் குடித்து அது வளர்ந்தது. ஆள் உயரம் வந்தது. பூ வெளிர் சிவப்பு; விடிந்ததும் கிட்டே போனால் மட்டும் மணக்கும். காலை ஷிஃப்ட் டிரைவர்கள் இரண்டு பேர் தினமும் போய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்து பின்பக்கத்தை அளந்தார். புது நடைமேடை வரப்போகிறதாம்.

"இந்தச் செடி?" என்று கேட்டாள் மைக் அக்கா.

"இது எல்லாமே போயிரும்மா. ஆறு வாரத்துல வேலை ஆரம்பிச்சிடுவோம்." அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

"வேற கன்னு வாங்கிக்கலாம் விடு" என்றார் புருஷன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவளுக்கு அந்த வார்த்தை இறங்கவில்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் நர்சரிக்காரரைத் தேடிப் போனாள். ரோஜாவைப் பெயர்த்து நட முடியுமா என்று கேட்டாள்.

"முடியும். அவசரப்பட்டாதான் கெட்டுப்போகும்" என்றார் அவர். "முதல்ல தண்டுல இருந்து ஒண்ணரை அடி தள்ளி, பாதி வட்டமா பள்ளம் எடுத்து வேரை வெட்டணும். கூரான மண்வெட்டி, ஒரே வெட்டு, பிய்க்கக் கூடாது. பள்ளத்தை மட்கின எருவும் மண்ணும் போட்டு மூடிட்டு ரெண்டு வாரம் விடுங்க. அப்புறம் மறுபாதி. அதுக்குள்ள கிட்டத்துலயே சின்னச் சின்ன வேரா விடும். புது இடத்துல தண்ணி குடிக்கப் போறது அந்தச் சின்ன வேர்தான்."

"புது இடம் எங்கே?" என்று அவர் கடைசியாகக் கேட்டபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழ்வீடு புருஷனின் அக்காவுடையது; மைக் அக்கா அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். வாசலுக்கு முன்னால் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் உண்டு. அதுவும் அந்த அண்ணியின் பங்கு. அண்ணி ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். தனியாக இருக்கிறாள், ஒழுங்கானவள், கண்டிப்பானவள். நாலு வருஷமாக மைக் அக்காவிடம் அவள் பேசுவதெல்லாம் "மோட்டார் போடு", "கேட்டைச் சாத்து" அளவோடு சரி.

காரணம், அந்த மண்ணில் அண்ணி வளர்த்த ஒரு செம்பருத்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் துணிக்கொடி கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று, அண்ணி டியூட்டியில் இருந்தபோது, மைக் அக்கா அதை நாலடி தள்ளி நட்டாள். உச்சி வெயில். செடி முழுக்கப் பூ. கடப்பாரையால் நெம்பி இழுத்தாள். வேர் பாதி மண்ணிலேயே நின்றுவிட்டது. பத்து நாளில் செடி விறகாகிவிட்டது. அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும். கேட்காததால் அது அப்படியே உறைந்துபோய்விட்டது.

அன்று சாயங்காலம் மைக் அக்கா மாடிப்படி இறங்கிக் கீழ்வீட்டு வாசலில் நின்றாள். அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு செடிக்கு இடம் வேணும்."

"என்ன செடி?"

"ரோஜா. பஸ் ஸ்டாண்ட்ல நான் வெச்சது. இடிக்கப் போறாங்க."

அண்ணி ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். "நீயா பிடுங்கப் போறே?"

"பிடுங்கலை அண்ணி. தோண்டி எடுக்கப் போறேன். நர்சரிக்காரர்கிட்ட எல்லாம் கேட்டுட்டு வந்திருக்கேன்."

"அன்னைக்கும் கேட்டிருக்கலாம்."

நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சு வெளியே வந்தது.

"கேட்டிருக்கணும்" என்றாள். "உங்களையும் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். அப்பவே வந்து சொல்லியிருக்கணும், பயமா இருந்துச்சு."

அண்ணி அடுத்த உறையை எடுத்தாள். அதையும் மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வெயில் எவ்வளவு வேணும் அதுக்கு?"

"பாதி நாளாவது."

"அப்போ கேட் பக்கம் வை. சுவரோரம் நிழல்."

அதோடு பேச்சு முடிந்தது. மைக் அக்கா படியேறினாள்.

நர்சரிக்காரர் சொன்னபடி எல்லாம் நடந்தது. முதல் பாதிப் பள்ளம், இரண்டு வாரம், மறு பாதி. வேலை தொடங்க ஐந்து நாள் இருக்கையில் வானம் மூடியிருந்த ஒரு பிற்பகல் வாய்த்தது. முந்தின நாளே நாலு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தாள். புருஷன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். முதலில் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும். பூவையும் மொட்டையும் சேர்த்து வெட்டுவதற்கு அவள் தயங்கினாள்.

"தலைபாரம் குறையட்டும். வேரே இல்லாதவன்கிட்ட குடும்பப் பொறுப்பைக் குடுக்க முடியுமா?" என்றார் புருஷன். அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். மூன்று இடத்தில் முள் கிழித்தது.

சுற்றிலும் தோண்டி, அடியில் மண்வெட்டியைச் செருகி அசைத்தபோது பெரிய பானை போல மண்கட்டி நகர்ந்தது. வெட்டிய வேர் முனைகளில் நூல் நூலாக வெள்ளை வேர்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு நடந்தது புருஷனின் வேலை. ஈரச் சாக்கை மண்கட்டியின் அடியில் தள்ளி மேலே இழுத்து, சீட் தைக்கும் வளைந்த ஊசியால் சுற்றிலும் தைத்தார். இழுத்த தையலில் ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. இரண்டு டிரைவர்கள் பலகையில் ஏற்றித் தூக்க, ஒர்க்ஷாப் வேனில் ரோஜா வீடு வந்து சேர்ந்தது.

கேட் பக்கம் குழி தயாராக இருந்தது. மண்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் அளவாக. உள்ளே தண்ணீர் ஊற்றி இழுக்கவிட்டிருந்தது. அண்ணி சீருடை மாற்றாமல், முழங்கை வரை சேற்றோடு நின்றிருந்தாள்.

"நீங்க ஏன் அண்ணி..."

"டியூட்டி சீக்கிரம் முடிஞ்சுது. இறக்குங்க முதல்ல."

பழைய மண் தண்டில் எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்துக்கு வைத்தார்கள். சாக்கின் தையலை அறுத்து உருவி எடுத்துவிட்டு, மண்ணைப் பாதி நிரப்பித் தண்ணீர் விட்டு, காற்றுக் குமிழி அடங்கியதும் மீதியை நிரப்பினார்கள். மைக் அக்கா ஒரு எருப் பொட்டலத்தை எடுத்தாள். அண்ணி கையைப் பிடித்துவிட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்ச ஆளுக்கு அன்னைக்கே விருந்து வைப்பாங்களா? தண்ணி மட்டும் குடு."

மேலே நிழலுக்கு ஒரு பழைய வெள்ளைப் போர்வையை நாலு கம்பில் கட்டியதும் அண்ணிதான்.

ஒரு வாரத்தில் மிச்சமிருந்த இலைகளும் உதிர்ந்தன. காய்ந்த குச்சிகள் ஐந்தாறு நின்றன. மைக் அக்கா தினமும் வேலைக்குப் போகும்போது பார்ப்பாள், திரும்பி வரும்போது பார்ப்பாள். பார்த்ததைச் சொல்ல ஆளில்லாமல் மாடிக்குப் போய்விடுவாள். பன்னிரண்டாம் நாள் அண்ணி கூப்பிட்டாள். நகத்தால் ஒரு தண்டின் பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை.

"நாடி இருக்கு" என்றாள் அண்ணி.

மூன்றாம் வாரம் அடியில், மண்ணை ஒட்டி ஒரு தளிர் வந்தது. கிடுகிடுவென வளர்ந்தது. இருவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அண்ணி அன்றைக்கு இரண்டு டம்ளர் டீ போட்டாள். ஒன்றை மைக் அக்காவிடம் நீட்டினாள்.

சந்தோஷத்தோடு அதை போனில் படம் எடுத்து நர்சரிக்காரரிடம் காட்டினாள் மைக் அக்கா. அவர் முகம் சுருங்கியது.

"இது ஒட்டுச் செடிம்மா. கீழே இருக்கிறது காட்டு ரோஜா வேர், மேலே ஒட்டினதுதான் உங்க ரோஜா. ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருக்கு பாருங்க, இது காட்டுத் தளிர். விட்டா சத்தையெல்லாம் இதுவே தின்னுடும், உங்க ரோஜா பட்டுப்போகும். அடியோட கிள்ளிடுங்க."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். இரண்டு பேரும் செடி முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இருக்கிறதே இது ஒண்ணுதான்" என்றாள் அண்ணி. "இதையும் கிள்ளிட்டா?"

"மேல தண்டு இன்னும் பச்சையாத்தானே இருக்கு அண்ணி?"

"காலைல பார்த்தேன். இருக்கு."

"எனக்குக் கை வரலை. நான் கை வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷமாக அவளும் எதையோ சுமந்திருக்க வேண்டும். "பழசை விடு" என்றாள். "நான் பண்றேன். நீ மண்ணைக் கொஞ்சம் விலக்கு."

மைக் அக்கா விரலால் மண்ணை ஒதுக்கினாள். தளிர் வேரில் முளைத்திருந்த இடம் தெரிந்தது. அண்ணி கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்தாக அழுத்திப் பிய்த்தாள். பிறகு செடி மறுபடி வெறும் குச்சியாக நின்றது.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள், அறிவிப்பு அறைக்கு போன் வந்தது. அண்ணி அந்த எண்ணுக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"மேல் தண்டுல வந்திருக்கு. சிவப்பா, அரிசி அளவு. ஒண்ணு இல்லை, மூணு இடத்துல."

"ஒட்டுக்கு மேலயா அண்ணி? நல்லாப் பார்த்தீங்களா?"

"கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். வேலையைப் பாரு."

அடுத்து கிளம்ப வேண்டிய வண்டிக்கு அவள் நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாள். நாற்பது பேர் பெட்டி படுக்கையோடு அந்தக் கோடிக்கு ஓடினார்கள். மன்னிப்புக் கேட்டு மறுபடி அறிவித்தாள்; அப்போதும் குரலில் சிரிப்பு அடங்கவில்லை என்று டிரைவர்கள் பிறகு சொன்னார்கள்.

போர்வை நிழல் எடுக்கப்பட்டது. நாலாம் மாதம் முதல் பூ விரிந்தது. அதே வெளிர் சிவப்பு. புகை இல்லாத இடம் என்பதாலோ என்னவோ, மணம் கேட்டைத் தாண்டித் தெருவரை வந்தது.

இப்போது செடி இடுப்புக்கு மேல் நிற்கிறது. அண்ணி பேசுவதற்கு இப்போது கணக்கே இல்லை. போன வாரம் காலையில் இருவரும் கத்தரிக்கோலோடு நின்று, எந்தக் கிளையை வெட்டுவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த புருஷன் டீயைக் கூடக் குடிக்காமல் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விட்டார்.