தூக்கி வைத்த எறும்பு

துளசிங்கம் திருத்தணி தாலுகா ஆபீசில் இருபத்தாறு வருடம் சங்கிலி இழுத்தார். சர்வேயர் நின்ற இடத்தில் நின்று எழுதுவார். அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடப்பவர் துளசிங்கம். 1983 ஆவணியில் இறந்தார். பென்ஷன் தாளில் அவர் வேலைக்கு எதிரே ஒரே சொல்: செயின்மேன்.

1968 மாசியில் ஒரு நாள் அவர் அந்த வேலைக்கு வெளியே கால் வைத்தார்.

பள்ளிப்பட்டு சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு மேற்கே கன்னியம்மாளின் முக்கால் ஏக்கர். அதன் கிழக்கு ஓரத்தில் கிணறு. கிணறு அவள் நிலத்தில் இருக்கிறதா, சாலைப் புறம்போக்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புறம்போக்கு என்றால் மறுநாளே மண் கொட்டி மூடிவிடுவார்கள்.

நிலத்தின் நான்கு மூலைக்கற்களில் மூன்று காணாமல் போயிருந்தன. வடகிழக்கு மூலையில் ஒன்று மட்டும் மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. சர்வேயர் பஞ்சாட்சரம் அதிலிருந்து ஆரம்பித்தார். அளவுப் புத்தகத்தில் உள்ளபடி திசைக்காட்டியில் கோணம், சங்கிலியில் நீளம், மூலையில் ஒரு முளைக்குச்சி. மறுபடி கோணம், நீளம், முளை. நான்காவது பக்கம் முடிந்தபோது சங்கிலி புறப்பட்ட கல்லிலேயே வந்து முட்டியது. கால் அடிகூட வித்தியாசமில்லை.

"பாத்தியாய்யா துளசிங்கம்? அச்சுல வாத்த மாதிரி வந்து சேந்துது!"

முளைக்கு முளை கயிறு கட்டினார்கள். கயிறு கிணற்றுக்கு மேற்கே போயிற்று. கிணறு முழுவதும் வெளியே.

"ஐயா, எங்க மாமனாரு தோண்டன கெணறுங்க. அது எப்டி ரோட்டுக்குப் போவும்?" என்றாள் கன்னியம்மாள்.

"ஒங்க மாமனாரு நெலத்த வுட்டுட்டு ரோட்ல தோண்டிட்டாரு. இல்லாங்காட்டி கெணத்துக்குக் கால் மொளச்சி நடந்து போச்சா?" என்றார் பஞ்சாட்சரம்.

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த அளவு தப்பாது. ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். துளசிங்கமும்.

மத்தியானம் புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார். வரிசையில் சேராமல் தனியாக இரை தேடும் நீளக்கால் எறும்பு ஒன்று வந்தது. வளைந்தும் நெளிந்தும் சுற்றிச்சுற்றி அலைந்து ஒரு பருக்கையைக் கண்டது. கவ்வியதும், வந்த வழியை விட்டுவிட்டு, வளைக்கு நேர்கோட்டில் ஓடியது.

அடுத்த எறும்பு பருக்கையைக் கவ்வியபோது அதை ஒரு இலையோடு தூக்கிப் பத்தடி மேற்கே வைத்தார். விளையாட்டாகத்தான். எறும்பு தயங்கவில்லை. பழைய இடத்திலிருந்து எந்தத் திசையில் ஓடியிருக்குமோ அதே திசையில், அதே தூரம் ஓடி நின்றது. அங்கே வளை இல்லை. நின்ற இடத்தையே சுற்றிச்சுற்றித் தேடியது. வளை பத்தடி கிழக்கே இருந்தது.

பதினாறு வருடம் கழித்து, எஞ்சினியரிங் படித்த அவருடைய மகள் வரலட்சுமி, மெட்ராஸ் நூலகம் ஒன்றில், அப்பா சொல்லிக் கேட்டிருந்த இந்த எறும்பைப் பற்றிய கட்டுரையைப் படித்தாள். வானத்து ஒளி அதிரும் திசையை எறும்பின் கண் அறியும். சூரியன் மறைந்திருந்தாலும் நீலவானம் ஒரு துண்டு தெரிந்தால் போதும். ஒவ்வொரு திருப்பத்தையும், நடந்த தூரத்தையும் அந்தக் கடுகிலும் சிறிய மூளை கூட்டிக்கொண்டே வருகிறது. வீடு எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்ற விடை எந்த நொடியிலும் தயாராக இருக்கும். தூக்கி வைத்ததை மட்டும் அது அறியாது. அந்தத் தூரத்தை அது நடக்கவில்லை. அப்பாவுக்குக் காட்டவேண்டுமென்று வரலட்சுமி கட்டுரையைக் கையால் பிரதி எடுக்கத் தொடங்கினாள். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது மூன்றாம் பக்கத்தில்தான் நினைவு வந்தது.

துளசிங்கத்துக்கு இதொன்றும் தெரியாது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கன்னியம்மாளிடம் போனார்.

"ஏம்மா, அந்தக் கல்ல யாராச்சும் பேத்து நட்டாங்களா?"

அவள் சர்வேயர் இருந்த பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "லாரிக்காரன் ஜல்லிய அது தல மேலயே கொட்டிகினு இருந்தான் நைனா. வெள்ளிக்கெழமைல நான் கற்பூரம் காட்ற சாமி. நானும் எங்க வூட்டுக்காரரும் கடப்பாற போட்டு உள்ளாற கொண்டாந்து நட்டோம். பத்திரமா இருக்கட்டும்னு."

"எவ்ளோ தூரம்?"

"பாஞ்சு அடி இருக்கும். சர்க்காரு கல்லத் தொட்டா ஜெயிலாமே? சொன்னா ஜெயிலு, சொல்லாங்காட்டி கெணறு போவுது. நான் என்னா பண்ணட்டும்?"

கல் பதினைந்து அடி மேற்கே வந்திருந்தால் நான்கு மூலைகளும் பதினைந்து அடி மேற்கே. கோணம் மாறாது, நீளம் மாறாது, சுற்று கச்சிதமாக முடியும்.

துளசிங்கம் சர்வேயர் முன்னால் போய் நின்றார். "சார், அளவெல்லாம் சரிங்க. ஆரம்பிச்ச எடம் தப்புங்க."

"ஏன்யா, எனக்கே சர்வே சொல்லித் தர்றியா? யாரு சொன்னா ஒனக்கு?"

எறும்பு என்றால் சிரிப்பார். கன்னியம்மாள் என்றால் கேஸ் எழுதுவார். "தோண்டிப் பாத்துடலாங்க" என்றார் துளசிங்கம்.

"தோண்டு. ஒண்ணும் இல்லன்னு வையி, நாளைக்கு நீ ஆபீசுக்கே வராத."

ஜல்லிக் குவியலை ஒரு மணி நேரம் தனியாக வாரினார். கன்னியம்மாள் உதவ வந்தாள். தள்ளிப்போ என்று கையைக் காட்டினார். அடியில் இறுகிய தரை, நடுவே சதுரமாகப் பொலபொலவென்று மண். பஞ்சாட்சரம் கன்னியம்மாள் வீட்டுக் கடப்பாறையை வாங்கித் தானே இறக்கினார். முழங்கை ஆழம் தடையில்லாமல் போயிற்று.

"யாரு பேத்தது?"

துளசிங்கம் குனிந்து குழியோரத்து ஜல்லியை ஒதுக்கினார்.

"ஒன்னத்தான்யா கேக்கறேன். ரிப்போர்ட்ல என்னா எழுதறது?"

"எடம் மாறி இருந்திச்சின்னு எழுதிக்குங்க சார். அது நெஜந்தானுங்க."

பஞ்சாட்சரம் மஞ்சள் குங்குமக் கல்லையும் கன்னியம்மாளையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஒரு வரி எழுதினார்: கல் நிலை பெயர்ந்து காணப்பட்டது. பெயர்த்தவர் யார் என்று எழுதவில்லை.

கல்லைப் பழைய குழியில் நட்டு, முதலிலிருந்து அளந்தார்கள். வெயில் தாழும்போது கயிறு கிணற்றுக்குக் கிழக்கே ஐந்தடி தள்ளிப் போயிற்று.

கன்னியம்மாள் தண்ணீர் சேந்திக் கொண்டுவந்தாள். பஞ்சாட்சரம் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"கற்பூரம் காட்றதோட நிறுத்திக்க," என்றார். "கடப்பாறையக் காட்டாத."

"ஆங், சரிங்க ஐயா," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.