குங்குமம் வைத்த வண்ணத்துப்பூச்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு வண்ணத்துப்பூச்சிக்குக் குங்குமம் வைத்தேன். செத்த வண்ணத்துப்பூச்சி. அதனால் ஒரு டீச்சரின் வேலையே போகப் பார்த்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பழனி மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் பக்கத்து வீடு மளிகைக் கடை ராவுத்தருடையது. அவர் மகள் ஜமீலா சயின்ஸ் டீச்சர். இரண்டு வருடமாக டெம்பரரி. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் பெர்மனென்ட். அதற்காக மலையெல்லாம் அலைந்து, கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வண்ணத்துப்பூச்சிகளாகக் குத்தி வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டியோடு வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்ல ஒரே எறும்பு. கீழ கடையில வெல்ல மூட்டை கெடக்குல்ல... இன்னிக்கு மட்டும் இங்க இருக்கட்டும்ங்க. காலையில நீங்களே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்துருங்க."

வைத்துவிட்டுப் போயிருக்கலாம். விளக்கமும் சொன்னாள்.

"இந்தக் கடைசி ரெண்டுக்கும் இன்னும் பேர் ஒட்டலைங்கண்ணே. இடது பக்கம் காமன் மார்மன், வலது பக்கம் காமன் ரோஸ். ரோஸைப் பறவை திங்காது, கசக்கும். அதனால மார்மன்ல பொம்பளைப் பூச்சி ரோஸ் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுத் திரியும். வித்தியாசம் பார்த்தாலே தெரியும்ல?"

"தெரியுது, தெரியுது" என்றேன். எட்டாவதோடு நின்றவன் ஒரு சயின்ஸ் டீச்சரிடம் வேறு என்ன சொல்வது?

இரண்டுக்கும் கறுப்பு இறக்கை. வெள்ளைத் திட்டு. ஓரத்தில் சிவப்புப் புள்ளி. பின்னால் வால். நான் இறக்கையைத்தான் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சியில் வேறு எதைப் பார்ப்பார்கள்?

விடிந்ததும் கவலை வந்தது. பெட்டியைப் பள்ளிக்குத் தூக்கிப் போக வேண்டியவன் நான். மேட்டில் கால் இடறினால்? ஊசி கழன்று இரண்டும் இடம் மாறினால்? பெர்மனென்ட் என்ன ஆவது?

அடையாளம் வைத்துவிட்டால் கவலையில்லை என்று தோன்றியது. சாமி மாடத்தில் குங்குமம் இருந்தது. உதிர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு சொட்டு நல்லெண்ணெயில் குழைத்து, இடது பக்கத்துப் பூச்சியின் வயிற்றில் தீக்குச்சியால் ஒரு பொட்டு வைத்தேன். எண்ணெய் அல்லவா... வயிறு முழுக்கப் பரவியது. பக்கத்திலேயே பழனி விபூதியும் இருந்தது. அதை எடுத்திருந்தால் இந்த வாரம் பத்திரிகைக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

ஜமீலாவிடம் சொல்லவில்லை. அவளையும் எதற்குப் பதற வைப்பது?

கவுஞ்சி ஊர்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப் சத்தம் கேட்ட பிறகுதான் ஜமீலா பேர்ச்சீட்டுகளை ஒட்டினாள் - இடது, வலது. பூச்சியைப் பார்க்க நேரமில்லை.

இன்ஸ்பெக்டருக்கு நேரம் இருந்தது.

"ஏம்மா, ஒடம்பு செவப்பா இருந்தா ரோஸ். கறுப்பா இருந்தா மார்மன். இங்க ரெண்டும் செவப்பா இருக்கே?"

ஜமீலா குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நேத்து கறுப்பாத்தான் சார் இருந்துச்சு..."

"ராத்திரி பழுத்துருச்சாக்கும்?"

கவலைப்படுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று ஒரு பேர் உண்டு. தப்பு. அவன் நாளைக்கு வரப்போவதைத்தான் பார்ப்பான்; எதிரே இருப்பதைப் பார்க்க மாட்டான். வலது பக்கத்துப் பூச்சியின் வயிறு ஏற்கெனவே சிவப்பாக இருந்ததே!

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். மெதுவாக வெளியே நழுவிவிடலாமா? யாருக்குத் தெரியப் போகிறது?

"சார்... நான்தான் குங்குமம் வச்சேன்ங்க."

"பூச்சிக்கா? எதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணு போல இருக்குன்னு, அடையாளத்துக்குங்க."

"அண்ணே!" என்றாள் ஜமீலா. அந்த ஒரு சொல்லில் அவள் அத்தாவின் கடையையே தூக்கி என் தலையில் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பேர்ச்சீட்டை விடுங்க. இவர் சொல்றதையும் விடுங்க. குங்குமம் வச்சது எது? பூச்சியைத் தொடாம நிரூபிங்க டீச்சர்."

ஜமீலா ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"தலையைப் பாருங்க சார். ரோஸுக்குத் தலையும் செவப்பு. இதுக்குத் தலை கறுப்பாவே இருக்கு. அண்ணன் வயித்துக்கு மட்டும்தான் பொட்டு வச்சிருக்காரு."

இன்ஸ்பெக்டர் லென்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுதினார். எழுதியதை ஜமீலாவே படித்துப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பெர்மனென்ட்!

ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "நல்ல கேள்விங்க இது. இனிமே போற ஸ்கூல்லயெல்லாம் ஒரு மார்மனுக்குச் செவப்பு தடவி எடுத்துட்டுப் போய்க் கேக்கப் போறேன்."

பழனி மலையில் இன்னும் டெம்பரரியாக இருக்கும் சயின்ஸ் டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால்... தலையைப் பாருங்கள்.